பந்து பிடிக்கத் தெரியாத பையன்



தெமோதரைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் ஒரு மாதமாக என் மேசையில் கிடக்கிறது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடவில்லை. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் மகனைப் பற்றிய கடிதம் அது. பிள்ளை எதையும் மெதுவாகத்தான் செய்கிறானாம். ஒரு பக்கம் எழுத ஒரு மணித்தியாலம். சோற்றுக் கோப்பையின் முன்னால் உட்கார்ந்தால் எழும்ப மனமில்லை. கேள்வி கேட்டால் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பான், பதில் வரும்போது கேட்டவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். "இவன் புலமைப்பரிசில் பரீட்சையில் தேற மாட்டான், மற்றப் பிள்ளைகளையும் பின்னுக்கு இழுக்கிறான்" என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லப்பட்டதாம். வீட்டில் வாப்பாவும் அதையே சொல்கிறாராம். "ராத்தா, நானும் ஒருநாள் கோபத்தில் அவனை 'மந்தம்' என்று சொல்லிப்போட்டேன். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான்" என்று முடித்திருக்கிறார்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்த மாதம் வேறு விஷயம் எழுத இருந்ததை ஒதுக்கி வைத்தேன்.

ஒரு கதையோடு தொடங்குகிறேன். ஸ்டென் நடோல்னி என்று ஒரு ஜெர்மன் நாவலாசிரியர். 1942இல் பிறந்தவர். தாயும் தகப்பனும் எழுத்தாளர்கள். வரலாறு படித்து, வரலாற்று ஆசிரியராகவும் இருந்தவர். அவர் 1983இல் வெளியிட்ட நாவலின் பெயரைத் தமிழில் 'மெதுவைக் கண்டுபிடித்தல்' என்று சொல்லலாம். அதன் ஒரு அத்தியாயத்தை 1980இலேயே ஒரு பெரிய இலக்கியப் போட்டியில் வாசித்து முதற்பரிசு பெற்றார். பரிசுப் பணத்தைத் தன்னோடு போட்டியிட்டவர்கள் எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டாராம். எழுத்தாளர்களைக் குதிரைகளைப் போல ஓடவிட்டு யார் முந்தியவர் என்று பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. மெதுவைப் பற்றி எழுதியவர் அப்படி நடந்துகொண்டதில் ஆச்சரியமில்லை.

கதையின் நாயகன் ஜோன் ஃபிராங்ளின். இவர் கற்பனை ஆளல்ல. 1786இல் இங்கிலாந்தில் பிறந்து, கடற்படையில் சேர்ந்து, வடதுருவப் பனிக்கடலில் வழி தேடிப் போன மாலுமி. ஆனால் நடோல்னி அந்தப் பெயரையும் வாழ்க்கையையும் எடுத்து, உள்ளே தன் சொந்தப் பிள்ளை ஒன்றை வைத்துவிட்டார். நாவலின் தொடக்கத்தில் ஜோனுக்குப் பத்து வயது. அவனால் பந்து பிடிக்க முடியாது. கண் பந்தைக் கண்டு, கை எழும்பும்போது பந்து போய்விட்டிருக்கும். அதனால் மற்றப் பிள்ளைகள் விளையாடும்போது எல்லைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை அவனுக்கு. அதை மணிக்கணக்காக, கை அசையாமல், யாரையும் விட நன்றாகச் செய்வான். ஊருக்கு அவன் ஒரு வேடிக்கை. தகப்பனுக்கு அவன் ஒரு வெட்கம்.

அவனுக்கு வாய்த்த ஒரு ஆசிரியர்தான் முதலில் வேறு விதமாகப் பார்க்கிறார். இந்தப் பிள்ளைக்கு அறிவு குறைவில்லை, இவனுடைய வேகம் வேறு, அவ்வளவுதான் என்பது அவருக்குப் புரிகிறது. ஒவ்வொரு மனிதனுக்கும் அவனவனுக்கென்று ஒரு வேகம் இருக்கிறதோ என்று அவர் உட்கார்ந்து ஆராய்ச்சியே எழுதத் தொடங்குகிறார். சட்டென்று பார்க்கிறவன் நிறையப் பொருட்களைக் காண்கிறான். மெதுவாகப் பார்க்கிறவன் குறைவாகக் கண்டாலும் கண்டதை விட்டுவிடுவதில்லை. மற்றவர்கள் கவனிக்காத சின்ன மாற்றங்கள் அவன் கண்ணில் படுகின்றன. கப்பலில் சேர்ந்தபோது ஜோன் கட்டளைகளையும் கயிறுகளின் பெயர்களையும் முன்கூட்டியே மனனம் செய்து வைத்துக்கொள்கிறான். அவசர நேரத்தில் யோசிக்க முடியாது என்று தன்னைப் பற்றியே தெரிந்து வைத்திருந்தான் அல்லவா? பின்னால் அதிகாரியானபோது, வேகமாகப் பேசுகிறவர்களிடம் கூச்சமில்லாமல் "திரும்பச் சொல்லுங்கள்" என்கிறான். திரும்பச் சொல்லும்போது அவர்களுக்கே தாங்கள் சொன்னது சரிதானா என்ற சந்தேகம் வருகிறது. நான் அந்த இடத்தை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்துச் சிரித்தேன். எங்கள் வீட்டுக் கலியாணப் பேச்சுகளில் இப்படி ஒருவர் இருந்திருந்தால் எத்தனை வில்லங்கம் தப்பியிருக்கும்!

உண்மையான ஃபிராங்ளினின் முடிவு நல்லதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1819 முதல் 1822 வரை கனடாவின் வடக்கே நடந்த பயணத்தில் அவருடைய ஆட்களில் பாதிக்கு மேல் செத்தார்கள். பசியில் சப்பாத்துத் தோலைத் தின்றார்கள். 1845இல் இரண்டு கப்பல்களோடு கடைசியாகப் போனவர் 1847இல் பனியிலேயே இறந்தார். 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. அந்தப் பனிநாட்டின் பூர்வீகக் குடிகள், கப்பல்களுக்கும் மனிதர்களுக்கும் நேர்ந்ததைச் சொன்னபோது, இங்கிலாந்தில் பெரிய பெரிய மனிதர்கள் நம்ப மறுத்தார்கள். அவர்களோ அந்தச் செய்தியைப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிச் சொல்லிக் காப்பாற்றினார்கள். கப்பல்கள் 2014இலும் 2016இலும் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டபோது அந்த வாய்மொழிச் செய்திகளும் வழிகாட்டியாக இருந்தன. நூற்று அறுபது வருடங்களுக்கு மேல் ஒரு உண்மையை அவசரமில்லாமல் சுமந்திருக்கிறார்கள்.

இதெல்லாம் எங்கோ ஐரோப்பாவில் எழுதிய கதை, நமக்கென்ன என்று நினைப்பீர்கள். நான் அந்த நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்தது பதுளைக்குப் போகும் கோச்சியில். அதனால்தானோ என்னவோ, பனிக்கடல் என் மனதில் பதியவில்லை, தெமோதரைதான் பதிந்தது.

நம் பாதையைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதில்லை. புகையிரதம் பண்டாரவளைக்கு வந்தது 1894இல். அங்கிருந்து பதுளைக்கு வர 1924 ஆகிவிட்டது. பஸ்வண்டியில் ஒரு மணித்தியாலப் பயணம், தண்டவாளத்துக்கு முப்பது வருடம் பிடித்திருக்கிறது. நடுவிலே மகாயுத்தமும் வந்தது. ஆனால் மலையும் ஒரு காரணம். தண்டவாளத்தில் ஓடும் வண்டி மலையில் நேரே இறங்க முடியாது. நம் மலைநாட்டுப் பாதையில் மிகக் கூடிய சரிவே 44 அடி நீளத்துக்கு ஓர் அடி இறக்கம்தான். தெமோதரையில் நிலம் அதைவிடச் செங்குத்தாக விழுகிறது. அங்கே என்ன செய்தார்கள்? அவசரப்படவில்லை. பாதையை நீளமாக்கினார்கள். ரயில் தெமோதரை நிலையத்தை விட்டுப் புறப்பட்டு, மலையை ஒரு வட்டம் சுற்றி, மெல்ல மெல்ல இறங்கி, தான் சற்று முன் நின்ற அதே நிலையத்துக்குக் கீழே ஒரு சுரங்கத்தால் புகுந்து வெளியே வருகிறது. நிலையத்தில் நிற்கிறவர் காலுக்குக் கீழே போகும் ரயிலின் சத்தத்தைக் கேட்கலாம். குறுக்குவழி இல்லாத இடத்தில் சுற்றுவழியே வழியாக இருந்திருக்கிறது.

எல்லைக்கும் தெமோதரைக்கும் நடுவிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தையும் பாருங்கள். 1921இல் கட்டியது. கல்லும் செங்கல்லும் சீமெந்தும் மட்டும். உருக்குக் கிடையாது. ஏறத்தாழ 80 அடி உயரம், 300 அடி நீளம். இன்று வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதில் ஒவ்வொரு கல்லும் ஒருவர் கையால் வைத்தது.

ஆனால் எங்கள் ஊவாவில் மெதுவுக்கு இதைவிடப் பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. தினமும் காலையில் அதைக் குடிக்கிறோம்.

தேயிலைச் செடி உயரத்தில், குளிரில் மெதுவாக வளரும். கீழ்நாட்டிலே கொழுந்து மளமளவென்று வரும், சாயமும் அடர்த்தியாக இருக்கும். மேல்நாட்டுக் கொழுந்து தாமதமாக வரும், வாசம் அதற்கு. ஊவாவிலே இன்னும் ஒரு விசேஷம். ஆடி, ஆவணி, புரட்டாதி மாதங்களில் தென்மேற்குப் பருவமழை மலையின் அந்தப் பக்கத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடும். மலையைத் தாண்டி எங்கள் பக்கம் வருவது மழை முடிந்த வரண்ட காற்று. கச்சான் காற்று என்போமே, அதுதான். பசறை, நமுனுகுலை, ஊவாப் பள்ளத்தாக்கு முழுவதும் அந்தக் காற்றில் காய்கிறது. செடி வாடுகிறது, துளிர் வர மறுக்கிறது, கொழுந்தின் நிறை குறைகிறது. தோட்டத்துத் துரைமாருக்குக் கவலை. ஆனால் அந்தக் கஷ்டத்தில் மெதுவாக வந்த துளிரில்தான் உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு வாசனை சேர்கிறது. குளிர்ச்சியான, தைலம் போன்ற ஒரு வாசம். ஊவாப் பருவத் தேயிலை என்று கொழும்பு ஏலத்தில் அதற்குத் தனி மரியாதை. எண்ணிக்கை குறைந்த மாதங்களில்தான் நம் பெயர் உலகத்துக்குத் தெரிகிறது.

பறித்த கொழுந்தும் உடனே தேயிலையாகிவிடாது. பன்னிரண்டு, பதினைந்து மணித்தியாலம் வாட்டுத் தட்டில் கிடந்து வாட வேண்டும். அதற்குப் பிறகுதான் அரைத்தல், புளிக்க விடல், சூட்டில் காய்த்தல். வாட்டுவதில் அவசரப்பட்டால் பிறகு எந்த இயந்திரத்தாலும் அந்தக் குறையைத் தீர்க்க முடியாது. வீட்டிலே தேத்தண்ணி ஊற்றுகிறபோதும் அதே கதைதான். மூன்று நான்கு நிமிடம் மூடிவைக்கப் பொறுமை இல்லாமல் கரண்டியால் கலக்கி, சாயம் போதாது என்று இன்னும் ஒரு கரண்டி தூள் போடுகிறோம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் எனக்கு மனச்சாட்சி உறுத்தும். கொழுந்துக்கு நேரம் கொடுக்கிற தோட்டம், கொழுந்து பறிக்கிறவளுக்கு நேரம் கொடுக்கவில்லை. விடிய நான்கு மணிக்கு எழும்பி, ரொட்டி தட்டி, பிள்ளைகளை ஆயத்தப்படுத்திவிட்டுப் பிரட்டுக் களத்துக்கு ஓடுகிறாள். பிந்தினால் வேலை இல்லை. தோட்டத்துக்குத் தோட்டம் மாறுபடும், பதினாறோ பதினெட்டோ கிலோ பறித்து மடுவத்தில் நிறுத்துக் காட்ட வேண்டும். குறைந்தால் அரைப் பேர். மாலையில் லயத்துக்குத் திரும்பி மறுபடியும் அடுப்பு, தண்ணீர், விறகு. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுகிற அந்த விரல்களின் வேகத்தைப் பார்த்து வெளிநாட்டார் வியக்கிறார்கள். அந்த வேகம் அவள் விரும்பித் தேர்ந்ததல்ல. அவளிடம் போய் "வாழ்க்கையை மெதுவாக வாழப் பழகு, பெண்ணே" என்று உபதேசம் செய்வதற்கு எனக்கு வாய் வராது.

அதேபோல எல்லா மெதுவும் நல்லதுமல்ல. 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமையின் பிரச்சினை மலையக மக்களுக்கு முழுமையாகத் தீர 2003 வரை ஆனது. ஐம்பத்தைந்து வருடம்! கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயன்களை மூடியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை செய்யப்பட்டிருந்தது. ஆட்களை இடம் மாற்றும் வேலைதான் மெதுவாக நடந்தது. அதிகாரத்தில் இருப்பவனின் தாமதத்துக்குப் பெயர் நிதானம் அல்ல, அலட்சியம். சின்னப் பிள்ளையின் தாமதத்தை அடித்துத் திருத்தப் பார்க்கிற நாம், பெரியவர்களின் இந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொண்டே இருக்கிறோம். தலைகீழாக இருக்க வேண்டியது.

இனி நம் மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நிதானம் அல்லாஹ்விடமிருந்து வருவது, அவசரம் ஷைத்தானிடமிருந்து வருவது என்ற கருத்தில் வரும் ஹதீஸை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பெரும்பாலும் அதைச் சொல்லிக்கொண்டே பிள்ளையை "சுருக்கா வா" என்று விரட்டுவோம். நான் நினைவூட்ட விரும்புவது வேறு ஒரு சம்பவம். புகாரியிலும் முஸ்லிமிலும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக வருவது. ஒரு மனிதர் பள்ளிக்கு வந்து அவசர அவசரமாகத் தொழுதுவிட்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்து ஸலாம் சொன்னார். ஸலாத்துக்குப் பதில் சொல்லிவிட்டு, திரும்பிப் போய்த் தொழும்படியும், அவர் தொழவில்லை என்றும் நபியவர்கள் சொன்னார்கள். அவர் போனார், அப்படியே தொழுதார், வந்தார். மறுபடியும் அதே பதில். மூன்று முறை. கடைசியில் அந்த மனிதர், தனக்கு இதைவிட நன்றாகத் தெரியாது, கற்றுத் தாருங்கள் என்று கேட்டார். அப்போது நபியவர்கள், ருகூவில் உடல் அமைதியடையும் வரை, எழுந்து நேராக நிற்கும் வரை, ஸுஜூதில் அமைதியடையும் வரை என்று ஒவ்வொரு நிலையாகச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இதிலே இரண்டு விஷயம். ஒன்று, நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் அந்த அமைதி, 'துமஃனீனத்' என்பது, தொழுகையில் கட்டாயமானது. விரும்பினால் செய்யும் அலங்காரம் அல்ல, அது இல்லாவிட்டால் தொழுகையே இல்லை. இரண்டாவது, அந்த மனிதரை நபியவர்கள் ஸஹாபாக்கள் முன்னால் ஏளனம் செய்யவில்லை. அவராகவே கேட்கும் வரை காத்திருந்தார்கள். கேட்டவுடன் படிப்படியாகக் கற்பித்தார்கள். தெமோதரைத் தங்கச்சியின் மகனுடைய வகுப்பறையில் இது நடந்திருந்தால் எனக்கு அந்தக் கடிதமே வந்திருக்காது.

நேரத்தைப் பற்றியும் நம் மார்க்கத்தின் பார்வை வித்தியாசமானது. தோட்டத்துச் சங்கு ஊதும் நேரம் ஒரு புள்ளி. அதற்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் பிந்தியதுதான். தொழுகையின் வக்து அப்படியல்ல. அது ஒரு வாசலைப் போலத் திறந்து, சிலமணி நேரம் திறந்தே இருந்து, பிறகு மூடுகிறது. முன்நேரத்தில் தொழுவது சிறப்பு. ஆனால் அடுப்பில் சோறு இருப்பவளுக்கும், மடியில் பிள்ளை தூங்குபவளுக்கும் உள்ளே வர நேரம் தரப்பட்டிருக்கிறது. இகாமத் சொல்வது காதில் விழுந்தாலும் ஓடி வர வேண்டாம், அமைதியாக நடந்து வாருங்கள், கிடைத்ததைத் தொழுங்கள், தவறியதைப் பூர்த்தி செய்யுங்கள் என்றே நபியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பள்ளியின் ஜமாஅத்துக்கே ஓட வேண்டாம் என்றால், டியூஷன் வகுப்புக்கு?

குர்ஆன் ஓதுவதில் தடுமாறுகிற பிள்ளைகளின் உம்மாமார் கவனிக்க வேண்டிய ஹதீஸும் உண்டு. திறமையாக ஓதுகிறவருக்கு உயர்ந்த வானவர்களோடு இடம். திக்கித் திணறி, கஷ்டப்பட்டு ஓதுகிறவருக்கு இரண்டு கூலி. ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்தது. ஓதலுக்கு ஒன்று, அந்தக் கஷ்டத்துக்கு ஒன்று என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். நம் ஓதல் பள்ளிகளில் திக்குகிற பிள்ளைக்கு இரண்டு கிடைப்பது உண்மைதான், ஆனால் அது கூலியல்ல, பிரம்படி.

மெதுவாக யோசிக்கிறவனைக் காலம் உடனே மதிப்பதில்லை. கண்டியிலே பிறந்த அறிஞர் சித்திலெப்பை (1838 – 1898) வக்கீலாக வசதியாக இருந்திருக்கலாம். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலை எழுதினார். முஸ்லிம் பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். அக்காலத்து ஊர்ப் பெரியவர்களில் பலர் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். எல்லோரும் ஒரே குரலில் ஒன்றைச் சொல்லும்போது, ஒருவர் மட்டும் நின்று, இது சரிதானா என்று தனக்குள்ளே கேட்டுப் பார்க்க நேரம் எடுத்துக்கொண்டார். 1892இல் மருதானையில் தொடங்கிய மத்ரஸா பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. அதன் பெருமையைப் பார்க்க அவர் இருக்கவில்லை. குருத்தலாவையிலும் பதுளையிலும் பசறையிலும் இன்று முஸ்லிம் பெண் பிள்ளைகள் புத்தகப் பையோடு பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு அவர் நினைவு வரும். விதைத்ததற்கும் முளைத்ததற்கும் இடையில் ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியிருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் பரீட்சைப் படிப்பு பிள்ளைகளுக்குப் பழக்குவது இதற்கு நேர் எதிரானதை. மாதிரி வினாத்தாள் நூறு. ஒவ்வொன்றுக்கும் பதில் இன்னதென்று முன்பே தெரியும். கேள்வியைக் கண்டவுடன் கை பதிலுக்குப் போக வேண்டும். ஏன் என்று நின்றவன் தோற்றான். பத்து வயதில் ஏன் என்று நிற்காமல் இருக்கப் பழகிய பிள்ளை, இருபத்தைந்து வயதில் சீதனம் ஏன் என்று மட்டும் நின்று கேட்பானா?

தங்கச்சி, இனி உங்களுக்கு.

முதலில் என் வீட்டுக் கதை ஒன்று. எனக்கு ஒரு நானா இருக்கிறார். சின்ன வயதில் அவருக்கு வாசிப்பு வரவில்லை. எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன என்று உம்மாவிடம் சொல்வார். வாப்பா நல்ல மனிதர்தான், ஆனால் கடையிலிருந்து களைத்து வந்து பாடம் கேட்பார், நானா முழிப்பார், பிரம்பு எழும்பும். வகுப்பிலும் அப்படியே. எட்டாம் வகுப்போடு நின்றார். இன்று அறுபதைத் தாண்டிவிட்டார், சொந்தமாக வியாபாரம், பிள்ளைகள் எல்லாம் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் யாராவது ஒரு கலியாணக் கடிதத்தை நீட்டினால் இன்றும் "கண்ணாடி கொண்டு வரவில்லை, நீயே வாசி" என்பார். அவருக்குக் கண்ணாடியே கிடையாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை. வாப்பாவின் மையித்து வீட்டில் எல்லோரும் யாஸீன் கிதாபை எடுத்தபோது அவர் எழுந்து வெளியே போய் நின்றார். தெரியாமல் அல்ல, யாஸீன் அவருக்கு முழுவதும் மனப்பாடம். புத்தகத்தைத் திறந்து மற்றவர்கள் முன்னால் உட்கார முடியவில்லை. எழுத்துகள் இப்படிக் குழம்புவதற்கு 1887இலேயே ஒரு ஜெர்மன் கண் வைத்தியர் பெயர் வைத்துவிட்டார். எங்கள் ஊருக்கு அந்தச் செய்தி வந்து சேர நூறு வருடம் ஆனது.

அதனால் நான் முதலில் சொல்வது, மகனின் கண்ணையும் காதையும் காட்டுங்கள். அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் பணம் வேண்டாம், ஒரு காலைப்பொழுது போதும். கரும்பலகை தெரியாத பிள்ளையும், ஒரு காது சரியாகக் கேட்காத பிள்ளையும் மெதுவாகத்தான் எழுதும். அது சரியாக இருந்தால், வாசிப்பில் எழுத்துக் குழம்புகிறதா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். குழம்புகிறது என்றால் அதைத் தெரிந்த வைத்தியரிடமோ விசேட கல்வி ஆசிரியரிடமோ காட்ட வேண்டும், டியூஷனைக் கூட்டுவதால் தீராது. இரண்டும் இல்லையென்றால், அவன் வேகம் அது.

பரீட்சையைப் பற்றி. பரீட்சை உங்கள் மகனுக்காக மெதுவாகப் போகாது, பொய் சொல்ல மாட்டேன். 2023ஆம் ஆண்டில் நாடு முழுவதும் மூன்று இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதினார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர். மற்றவர்கள் எல்லோரும் ஆறாம் வகுப்புக்குப் போனார்கள். அது உதவிப் பணத்துக்கும் பெரிய பாடசாலைகளுக்கும் ஆள் தெரிவு செய்கிற பரீட்சை, அறிவை அளக்கிற தராசு அல்ல. எழுதட்டும். முடிந்த கேள்விகளுக்கு எழுதிவிட்டு வரட்டும். பெறுபேறு வருகிற அன்று வீட்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயர் எடுக்கப்படக் கூடாது. அதை மட்டும் அவன் வாப்பாவிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள்.

வாப்பாவிடம் இன்னொன்றும் பேசலாம். நீங்கள் கடிதத்தில் எழுதியபடி, மகனோடு உட்கார உங்களுக்கு நேரமே இல்லை. சமையல், உடுப்பு, சின்னவள், மாமியின் மருந்து. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்டபோது, வீட்டாரின் வேலைகளில் உதவியாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் எழுந்து போவார்கள் என்றுதான் சொன்னார்கள். அதை உங்கள் வீட்டில் நினைவூட்டுவதில் வெட்கம் இல்லை. அவர் இராக் கோப்பைகளைக் கழுவினால் உங்களுக்குக் கால் மணி நேரம் மிச்சம். அந்தக் கால் மணி நேரத்தில் மகன் பக்கத்தில் இருங்கள். பாடம் கேட்க வேண்டாம். ஒரு கேள்வி கேட்டால், அவன் பதில் சொல்லும் வரை வாயைத் திறக்காமல் இருந்து பாருங்கள். கஷ்டமாக இருக்கும். நான் செய்து பார்த்திருக்கிறேன், முதல் நாள் ஒரு நிமிடத்துக்கு மேல் என்னாலும் தாங்க முடியவில்லை.

அந்தச் சொல்லைச் சொன்னதற்கு மகனிடம் மன்னிப்புக் கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளையிடமா என்று யோசிக்காதீர்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். உங்கள் கடிதம் எழுதிய தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு பாலம் வரைந்திருக்கிறது. நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை, கவனிக்காமல் அந்தத் தாளை எடுத்திருப்பீர்கள். வளைவுகளை எண்ணிப் பார்த்தேன், சரியாக ஒன்பது. செங்கல் வரிசைகள்கூட ஒவ்வொன்றாக இருக்கின்றன. மேலே ரயில் இல்லை. கீழே ஏழாவது வளைவின் நிழலில் என்னவோ ஒன்று நிற்கிறது, நாயா ஆடா என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. மகனிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அவசரமில்லை.